சேதனப் பசளைத் திட்டம்: எங்கள் கிணறுகளுக்காகக் கேட்கிறேன், இதைப் பற்றி மறுபடி பேச முடியுமா?

செம்மண்காரன் (யாழ்ப்பாணம்)

போன கிழமை எங்கள் ஊரில் கமக்காரர் கூட்டம் ஒன்று நடந்தது. கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல எழுந்தேன், பேச்சு நடுவில் "சேதனப் பசளை", அதாவது இயற்கை உரம், என்ற சொல் வாயில் வந்தது, அவ்வளவுதான். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், எழுபது வயதைத் தாண்டியவர், எனக்கு வெங்காயம் நடச் சொல்லித் தந்தவர், சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். ஏசவில்லை, ஒரு சொல் பேசவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் போனார்கள்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டு நண்பர்களும் இங்கே இருப்பதால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச "சுபீட்சத்தின் நோக்கு" என்று ஒரு கொள்கைத் திட்டம் வைத்தார். அதில் நாடு முழுவதையும் பத்து ஆண்டுகளில் சேதன விவசாயத்துக்கு மாற்றுவோம் என்று இருந்தது. பத்து ஆண்டு. அதை வாசித்துச் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். 2021 ஏப்ரலில் அந்தப் பத்து ஆண்டு திடீரென்று ஒரே போகமாகிவிட்டது. மே 6 ஆம் திகதி வர்த்தமானி (அரசிதழ்) வந்தது, இரசாயனப் பசளையும் பூச்சிமருந்தும் களைநாசினியும் இறக்குமதி செய்யத் தடை. நவம்பர் 24 இல் தடையை எடுத்தார்கள். அதற்குள் பெரும்போகம் (மாரி மழைக்கு விதைக்கும் பெரிய பருவம்) விதைத்தாயிற்று, கையில் டொலரும் இல்லை, கடையில் யூரியாவும் இல்லை.

நான் கேட்க வந்தது இதுதான். எங்கள் செம்மண் தோட்டங்களுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே போடுகிற யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் மழையோடும் இறைப்போடும் நேரே கிணற்றுக்குள் இறங்குகிறது. சுன்னாகம், கோண்டாவில் பக்கத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். எங்கள் வீட்டுக் கிணற்றை நானே போத்தலில் எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதிக்கக் கொடுத்தேன், 71 வந்தது. வீட்டில் நாலு மாதக் குழந்தை இருக்கிறது. கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். குழந்தையின் மாப்பாலுக்குக் கடைத் தண்ணீர் வாங்குகிறோம், கிணற்றடியில் நின்றுகொண்டு.

அப்போ பசளையைக் குறைக்கத்தானே வேண்டும்? ஆனால் அதைச் சொன்னால் ஊர் எழுந்து போகிறது. 2021 அந்தச் சொல்லையே எங்களிடமிருந்து பறித்துவிட்டது. மண்ணைப் பற்றி அக்கறைப்படுகிறவர்கள்தான் அந்தத் தடைமீது எல்லோரையும் விடக் கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வன்னிவயல் (கிளிநொச்சி)

அண்ணை, அந்தப் பெரியவரோடு நானும் எழுந்து போயிருப்பேன். தப்பாக எடுக்கவேண்டாம்.

எங்களுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வரும் வயல் நான்கு ஏக்கர். 2021 ஒக்டோபர் கடைசியில் விதைத்தோம். நெல் முளைத்து நன்றாகத்தான் வந்தது, முதல் மூன்று கிழமை ஒரு குறையும் தெரியவில்லை. அப்புறம் கீழ் இலையின் நுனியிலிருந்து மஞ்சள் ஏறத் தொடங்கியது. விடிய வரம்பில் நின்று பார்த்தால் பச்சை வயலுக்குள் யாரோ மஞ்சள் தண்ணீர் தெளித்தது மாதிரிப் பட்டை பட்டையாகத் தெரியும், எங்கே பழைய மாட்டுப்பட்டி அடைத்த இடம் இருந்ததோ அந்தத் துண்டு மட்டும் கரும்பச்சை. அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும். கிளை வெடிக்க வேண்டிய நேரத்தில் பயிர் அப்படியே நின்றுவிட்டது.

சேதனப் பசளை என்று கொண்டுவந்து தந்த மூடைகளை அவிழ்த்தோம். ஒன்றில் பாதி மண், அரை எரிந்த விறகுத் துண்டு, பொலித்தீன் கிழிசல், ஒரு மூடையில் பற்பசைக் குழாயின் மூடி கூடக் கிடந்தது. யார் தந்தது என்று இங்கே எழுத விரும்பவில்லை, தந்தவர்களுக்கும் மேலிடத்திலிருந்து எப்படியாவது கொடுத்து முடி என்றுதான் உத்தரவு வந்திருக்கும்.

களையைப் பற்றி யாருமே பேசுவதில்லை. நாங்கள் நாற்று நடுவதில்லை, வீச்சு விதைப்பு. நாற்று நட்டால் நிரைக்குள் இறங்கிக் களை பிடுங்கலாம், வீச்சு விதைப்பில் கோழிச்சூடனும் நெல்லும் ஒன்றாகத்தான் எழும்பும். களைநாசினியையும் சேர்த்து நிறுத்தினால் கூலிக்கு ஆள் எங்கே? அம்மாவும் நானும் தங்கச்சியும் பதினெட்டு நாள் குனிந்து பிடுங்கினோம், ஒரு ஏக்கர்கூட முடியவில்லை.

ஏக்கருக்கு முப்பது மூடை வெட்டிய வயல். அந்த முறை பதின்மூன்று. உழவுக்கும் வெட்டுக்கும் கடன் எடுத்த கணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. நாடு முழுக்க அதே கதைதான், முந்தைய பெரும்போகத்தில் 30 இலட்சம் தொன் நெல் விளைந்தது, அந்தப் பெரும்போகத்தில் 19 இலட்சம் தொன் சொச்சம். அரிசியில் தன்னிறைவு என்று சொன்ன நாடு கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

காவிரிக்கரை (தஞ்சாவூர்)

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது தம்பி. நான் எட்டு வருஷமாக இயற்கை விவசாயம் செய்கிறேன், நம்மாழ்வார் ஐயாவின் பேச்சைக் கேட்டுத் தொடங்கியவர்களில் ஒருவன். அதனால் ஒரு உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதல் இரண்டு வருஷம் விளைச்சல் பாதியாகக் குறைந்தது, மூன்றாம் வருஷம்தான் மண் கொஞ்சம் மூச்சு விட்டது. அந்த இரண்டு வருஷமும் தாக்குப்பிடிக்க முடிந்ததற்குக் காரணம் நான் முழு நிலத்தையும் மாற்றவில்லை, முதலில் அரை ஏக்கர், அப்புறம் ஒரு ஏக்கர். மனைவிக்கு ஆசிரியர் வேலை வேறு இருந்தது.

சிக்கிம் மாநிலத்தை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அங்கே அறிவித்தது 2003. முழு இயற்கை மாநிலம் என்று சொன்னது 2016. அதுவும் மலைச்சரிவில் முன்பிருந்தே ரசாயன உரம் மிகக் குறைவாகப் போட்டுவந்த நிலங்கள். அதற்கே பதின்மூன்று வருஷம் ஆயிற்று. உங்கள் அரசுக்கு இதை எடுத்துச் சொல்ல ஆளே இல்லையா?

ஆய்வுமேசை

சொன்னார்கள் ஐயா. விவசாயப் பேராசிரியர்கள் எழுத்தில் கொடுத்தார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். நான் மண் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், அந்த நாட்களில் எங்களில் பலர் சாப்பாட்டு மேசையில் கூட இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். கணக்குப் பெரிய கணக்கும் இல்லை, இங்கேயே போட்டுக் காட்டுகிறேன்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. அந்த 23 கிலோவைக் கூட்டெருவாகக் கொடுக்க வேண்டுமென்றால் ஒன்றரைத் தொன்னிலிருந்து இரண்டேகால் தொன் வரை தேவை. ஏக்கருக்கு இரண்டு மூடை யூரியா போடுகிற வயலுக்கு மூன்று தொன்னுக்குக் குறையாது. பெரும்போகத்தில் நாடு முழுக்க ஏழு இலட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் விதைக்கிறோம், ஹெக்டேருக்கு இரண்டரை ஏக்கர் என்று பெருக்கிப் பாருங்கள், நெல்லுக்கு மட்டும் 50 இலட்சம் தொன்னைத் தாண்டும். தேயிலை, மரக்கறி, சோளம், தென்னை எல்லாம் தனி. மே மாதம் அறிவித்து ஒக்டோபரில் விதைக்கும் நாடு அவ்வளவு எருவுக்கு மாட்டை எங்கே தேடும், குழையை எங்கே வெட்டும், எந்த லொறியில் ஏற்றும்?

இதுவும் பாதிக் கணக்குத்தான். யூரியா போட்ட சில நாளில் பயிர் எடுத்துக்கொள்ளும். எருவில் இருக்கும் நைதரசனை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று, உடைத்து, விட்டுத் தந்தால்தான் வேருக்குக் கிடைக்கும். முதல் போகத்தில் அதில் ஒரு பகுதிதான் கைக்கு வரும், மீதி அடுத்தடுத்த போகங்களுக்கு. அதனால்தான் காவிரிக்கரை ஐயாவுக்கு மூன்றாம் ஆண்டில் மண் திரும்பியது. இன்னொன்று, சரியாக மக்காத வைக்கோலையும் மரத்தூளையும் எரு என்று போட்டால் அதை உடைக்கவே நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் நைதரசனையும் இழுத்துக்கொள்ளும், பயிருக்குப் போடாமல் இருந்ததைவிட மோசமாகும். வன்னிவயல் பார்த்த அந்த மஞ்சள் பட்டைகளில் சில அப்படி வந்தவையாக இருக்கலாம். மாட்டுப்பட்டி அடைத்த துண்டு மட்டும் கரும்பச்சையாக நின்றது என்றாரே, பல ஆண்டு எரு சேர்ந்த மண் எப்படி இருக்கும் என்பதை அந்தத் துண்டே காட்டிவிட்டது.

இன்றைக்கு நாங்கள் விதைக்கும் நெல் இனங்கள் எல்லாம் பசளைக்கு விளையும்படி உருவாக்கியவை. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் மாதிரிப் பழைய இனங்கள் குறைந்த போஷணையில் நிற்கும், ஆனால் விளைச்சல் குறைவு, விளைய எடுக்கும் நாளும் அதிகம். இனத்தை மாற்றாமல் பசளையை மட்டும் நிறுத்தினால் இப்படித்தான் ஆகும்.

தண்ணீர்த்தாங்கி (வவுனியா)

எல்லோரும் விளைச்சலைப் பற்றிப் பேசுகிறீர்கள், நியாயம். ஆனால் அந்தத் தடை வந்த அன்று எங்கள் வீட்டில் அப்பா அழுதார், சந்தோஷத்தில்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. சீனி வருத்தம் இல்லை, பிரஷர் இல்லை, வயலைத் தவிர வேறு தொழில் செய்ததில்லை. கிழமைக்கு இரண்டு தடவை இரத்தம் சுத்திகரிக்கப் போனார். காலை நான்கு மணிக்குப் பஸ், திரும்பி வர இருட்டிவிடும். அனுராதபுரம், பொலன்னறுவை, எங்கள் பக்கம் என்று எத்தனை கமக்காரர்கள் இந்த நோயில் போய்விட்டார்கள். வாட்டில் பக்கத்துக் கட்டில்களில் சிங்கள ஐயாமார், எல்லோரின் கையும் வயல் வேலை செய்த கைதான். காரணம் இதுதான் என்று யாரும் அறுதியாகச் சொல்லவில்லை, தண்ணீரின் கடினம் என்கிறார்கள், புளோரைட் என்கிறார்கள், பூச்சிமருந்து என்கிறார்கள், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்கிறார்கள். ஆனால் முதுகில் தாங்கியைக் கட்டிக்கொண்டு முகமூடி இல்லாமல் முப்பது வருஷம் மருந்து அடித்த மனிதருக்கு அந்த வர்த்தமானி எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசியுங்கள். "என் பேரப்பிள்ளைகளுக்கு இது வராது" என்று சொன்னார்.

2022 இல் தம்பி விளைந்ததைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கியபோது அப்பா மூடைகளை எண்ணினார், பதினொன்று, அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆவணியில் காலமாகிவிட்டார்.

தடை சரி என்று சொல்லவரவில்லை. ஆனால் அதற்கான காரணமே பொய் என்று யாராவது எழுதினால் என்னால் பொறுக்க முடியாது.

செம்மண்காரன்

தங்கச்சி, உங்கள் அப்பாவுக்கு என் அஞ்சலி. காரணம் பொய் என்று நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன், என் கிணறும் அதே காரணம்தான். உங்கள் அப்பா நம்பியதை நிறைவேற்றித் தராமல் அந்த நம்பிக்கையை எடுத்துச் செலவழித்துவிட்டார்கள். என் கோபமே அதில்தான்.

கொழுந்துமலை (ஹட்டன்)

மலைநாட்டைப் பற்றியும் கொஞ்சம் எழுதுகிறேன், இந்தப் பேச்சில் தேயிலைத் தோட்டம் எப்போதும் கடைசி வரியில்தான் வரும்.

எனக்கு நினைவிருக்கும்வரை அம்மா கொழுந்து பறிக்கிறார். ஆயிரம் ரூபாய் நாள் சம்பளம் வேண்டுமென்று எத்தனை வருஷம் போராடினோம் என்று உங்களுக்குத் தெரியும், 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது. வந்த கையோடு எங்கள் தோட்டத்தில் பறிக்க வேண்டிய கிலோவையும் ஏற்றிவிட்டார்கள், 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், குறைந்தால் அரைப்பேர், அதாவது ஐந்நூறு ரூபாய். அந்த நேரம் பார்த்துப் பசளை நின்றது.

தேயிலை நெல் மாதிரி இல்லை, உடனே மஞ்சளாகாது. முதலில் தளிர் வரும் நாள் தள்ளிப்போகும். ஏழாம் நாள் வரவேண்டிய மலைக்குப் பத்தாம் நாள் போனாலும் கொழுந்து சின்னதாக, பாதி வளர்ச்சி நின்றுபோன வங்கிக் கொழுந்தாக நிற்கும். மரம் ஒவ்வொரு சுற்றிலும் இலையைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, கொடுத்ததற்குப் பதில் ஒன்றும் வேருக்குப் போகவில்லை. அம்மா காலையில் ஏழு மணிக்குப் போய் மத்தியான நிறுவைக்கு வரும்போது கூடையில் நான்கு கிலோ, அந்திக்கு மொத்தம் பதினொன்று, பன்னிரண்டு. தினமும் அரைப்பேர். அப்போது வீட்டில் மாவுக்கும் சீனிக்கும் விலை என்ன என்று சொல்லவேண்டியதில்லை.

புல்லும் மண்டிவிட்டது. இடுப்பு உயரம். களைநாசினி கிளைபோசேற்றை 2015 இலேயே ஒரு தடவை தடை செய்து 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டார்கள், அப்போதே பட்ட பாடுதான். புல்லுக்குள் கால் வைத்தால் அட்டை, குளவிக்கூடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. என் சித்தியைக் குளவி கொட்டி மூன்று நாள் வைத்தியசாலையில் இருந்தார், அந்த மூன்று நாளும் பேர் இல்லை.

2021 இல் நாட்டின் தேயிலை 29.9 கோடி கிலோ. 2022 இல் 25.1 கோடி. பத்திரிகையில் ஏற்றுமதி வருமானம் இவ்வளவு டொலர் குறைந்தது என்று போட்டார்கள். அம்மாவுக்குக் குறைந்த ஐந்நூறு ரூபாயை எந்தக் கணக்கிலும் நான் பார்க்கவில்லை. 2022 ஜனவரியில் நெல்லுக்கு நட்டஈடு 4000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள், சந்தோஷம், கமக்காரருக்குக் கிடைக்கத்தான் வேண்டும், ஆனால் அரைப்பேருக்கு நட்டஈடு தருவதாக யாரும் சொல்லவில்லை.

வன்னிவயல்

அக்கா, அரைப்பேர் என்றால் என்னவென்றே இன்றுதான் எனக்குத் தெரியும். மன்னிக்கவேண்டும்.

துறைமுகத்தெரு (கொழும்பு)

ஒன்றை மறைக்காமல் பேசுவோம். சுற்றுச்சூழல் திட்டம் என்று பெயர் வைத்தாலும் அந்த நேரத்து அவசரம் டொலர். பசளை இறக்குமதிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 40 கோடி டொலர் போய்க்கொண்டிருந்தது. கோவிட் வந்து சுற்றுலா நின்றது, வரியைக் குறைத்ததில் வருமானம் போனது, கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. மண்ணில் உண்மையான அக்கறை இருந்த திட்டமாக இருந்தால் பத்து ஆண்டை ஒரே நாளில் சுருக்கியிருக்க மாட்டார்கள்.

மிச்சம் பிடிக்கப் போய் நடந்தது என்ன? சேதனப் பசளையையே வெளிநாட்டிலிருந்து வாங்கப் போனார்கள். சீனாவிலிருந்து 'ஹிப்போ ஸ்பிரிட்' என்ற கப்பல் 20,000 தொன் ஏற்றிக்கொண்டு வந்தது. மாதிரியைச் சோதித்த எங்கள் தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை, பயிருக்குக் கேடான பக்டீரியா இருக்கிறது என்று சொல்லி இறக்க விடவில்லை, அந்தக் கம்பனி அதை மறுத்தது, வழக்கு, தூதரகத்தின் கோபம், கடைசியில் 2022 ஜனவரியில் இறக்காத பசளைக்கு 67 இலட்சம் டொலர் கட்டினோம். அந்தக் கப்பல் வெளிக்கடலில் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில் நான் துறைமுகப் பக்கம்தான் வேலை. சமையல் வாயுவுக்கு மக்கள் வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நிற்க, அந்தப் பணம் போனது. இந்தியாவிலிருந்து திரவ நனோ நைதரசனை விமானத்தில் கொண்டுவந்தார்கள். தடை எடுத்த பிறகும் யூரியா மூடை 40,000 ரூபாய் வரை போனது. பிறகு இந்தியக் கடனில் 65,000 தொன் யூரியா வந்து, 2022 சிறுபோகத்தில் அதை 10,000 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். முன்பு நெல் கமக்காரருக்கு இலவசமாகக் கிடைத்த மூடை அது.

2022 ஏப்ரலில் ஜனாதிபதியே அது பிழை என்று ஒப்புக்கொண்டார். ஜூலையில் நாட்டைவிட்டுப் போனார்.

செம்மண்காரன்

துறைமுகத்தெரு சொன்னதை ஏற்கிறேன், ஆனால் டொலர் மட்டும்தான் காரணம் என்று முடித்துவிட்டால் பாடம் வேறு பக்கம் போய்விடும். பணம் இருந்திருந்தாலும் இந்த முறையில் செய்திருந்தால் இதே தோல்விதான்.

எனக்கு நெஞ்சை அடைப்பது இரண்டு விஷயம். ஒன்று, 2021 ஜூலையில் வெரிட்டே ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் கமக்காரரிடம் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. நூற்றுக்கு 64 பேர் சேதனத்துக்கு மாறுவதை ஆதரித்தார்கள். தடை வந்த பிறகு கேட்ட கேள்வி இது, அப்போதும் 64 பேர்! அந்த ஆதரித்தவர்களிலும் நூற்றுக்கு எண்பது பேருக்குக் கிட்ட, மாறுவதற்கு ஒரு ஆண்டுக்கு மேல் வேண்டும் என்றார்கள். கமக்காரன் வேண்டாம் என்று சொல்லவில்லை, கொஞ்சம் பொறு என்றுதான் சொன்னான். அப்படிச் சொன்ன மனிதர்கள்தான் இன்று கூட்டத்திலிருந்து எழுந்து போகிறார்கள்.

இரண்டாவது இன்னும் கசப்பு. 2019 ஒக்டோபரில், தேர்தலுக்குச் சில கிழமைகளுக்கு முன், இதே நாடு உலக நாடுகளைக் கொழும்புக்கு அழைத்து நைதரசன் பற்றி ஒரு பிரகடனம் செய்தது. கொழும்புப் பிரகடனம் என்றே பெயர். 2030 க்குள் வீணாகும் நைதரசனைப் பாதியாக்குவது அதன் இலக்கு. கவனியுங்கள், பசளையைப் பாதியாக்குவது என்று இல்லை, வீணாவதைப் பாதியாக்குவது. என் கிணற்றுக்குள் இறங்குவது அந்த வீண்தான். பயிர் எடுத்த பங்கு எனக்கு வெங்காயமாக வந்துவிட்டது, எடுக்காமல் விட்ட பங்குதான் குழந்தைக்குக் கொடுக்க முடியாத தண்ணீராக நிற்கிறது. சரியான திட்டம் எங்கள் கையிலேயே இருந்தது. ஒன்றரை ஆண்டில் அதை மறந்து தடையைக் கொண்டுவந்தார்கள்.

ஆய்வுமேசை ஐயா, வெங்காயத்துக்கு நாங்கள் போடுவது சிபாரிசை விட எவ்வளவு கூட என்று நினைக்கிறீர்கள்? நான் என் தோட்டத்துக் கணக்கை எழுதிப் பார்த்தேன், ஏறத்தாழ இரண்டு மடங்கு. மழை பெய்து கரைந்துபோகும் என்ற பயத்தில் மறுபடி போடுகிறோம், பக்கத்துத் தோட்டக்காரர் போட்டார் என்று போடுகிறோம், மானியத்தில் மலிவாகக் கிடைத்த காலத்தில் பழகிய கை.

ஆய்வுமேசை

அந்த "கூட" என்ற பங்கில் கை வைத்தால் போதும், முதல் சில ஆண்டுகளுக்கு விளைச்சல் ஒரு மூடைகூடக் குறையத் தேவையில்லை.

ஒரே நேரத்தில் போடும் யூரியாவை மூன்றாகப் பிரித்துப் போடுங்கள், மழை இருட்டிக்கொண்டு நிற்கும் நாளில் போடாதீர்கள். நெல்லுக்கு இலை நிற அட்டை இருக்கிறது, இலையை அட்டையில் வைத்துப் பார்த்து வெளிறினால் மட்டும் போடுவது, மிக மலிவான கருவி. எருவை யூரியாவுக்குப் பதில் என்று பார்க்காமல் யூரியாவைப் பிடித்துவைக்கும் பஞ்சு என்று பாருங்கள், செம்மண்ணில் சேதனப் பொருள் கூடக்கூடப் போட்ட பசளை கீழே ஓடாமல் வேர் மட்டத்தில் நிற்கும். மண்ணைப் பரிசோதித்துப் போட்டாலே பொஸ்பேற்று பல தோட்டங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுக்குத் தேவையே வராது, அவ்வளவு சேர்ந்து கிடக்கிறது.

ஒரு தேசியத் திட்டம் இதற்குத்தான் காசு செலவழித்திருக்க வேண்டும். கிராமத்துக்கு ஒரு மண் பரிசோதனை வசதி, வயலுக்கு வந்து நிற்கும் போதனாசிரியர்கள், முதல் மூன்று போகத்துக்கு விளைச்சல் குறைந்தால் ஈடுசெய்யும் காப்புறுதி. வர்த்தமானிக்கு ஒரு தாள் போதும். இதற்கு ஆட்கள் வேண்டும், ஆண்டுகள் வேண்டும்.

காவிரிக்கரை

எங்கள் பக்கம் நெல்லுக்கு முன் தக்கைப்பூண்டும் சணப்பும் விதைத்துப் பூ வரும் நேரத்தில் மடக்கி உழுவோம். நாற்பத்தைந்து நாள்தான், காற்றிலிருக்கும் நைட்ரஜனை வேர்முடிச்சில் இழுத்து மண்ணுக்குக் கொடுத்துவிடும். ஆறேழு தொன் எருவை வண்டியில் ஏற்றி இறக்கும் செலவு இல்லை, அந்த நிலத்திலேயே விளைகிறது. இந்தியாவில் 2015 இலிருந்து யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது, மெதுவாகக் கரையும் என்பதற்காக. அதனால் எங்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், டெல்டாவில் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். ஆனால் தடை என்று யாரும் பயமுறுத்தவில்லை, அதனால் இதையெல்லாம் பேச முடிகிறது.

வன்னிவயல்

ஐயா, தக்கைப்பூண்டு எங்கள் பக்கமும் அந்தக் காலத்தில் போட்டதாக அம்மா சொல்கிறார், சண்டைக்கு முன்பு. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது விதையும் இல்லை, மாடும் இல்லை, பட்டி அடைக்க ஆளும் இல்லை. நாங்கள் 2010 இல் தொடங்கியதே யூரியா மூடையோடுதான், வேறு முறை என் தலைமுறை கண்ணால் காணவில்லை. இதையும் திட்டம் போட்டவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

நான்கு ஏக்கரில் முக்கால் ஏக்கர் தருகிறேன், தண்ணீர் பாயும் மேட்டுத் துண்டு. இந்தப் பெரும்போகத்துக்கு முன்னால் தக்கைப்பூண்டு போட்டுப் பார்க்கிறேன், யூரியாவை நிறுத்தமாட்டேன், பாதி போடுகிறேன், அட்டை பார்த்துப் போடுகிறேன். மூடைக் கணக்கை அப்படியே இங்கே எழுதுவேன், குறைந்தாலும் எழுதுவேன். விதை எங்கே கிடைக்கும் என்று யாராவது சொன்னால் போதும்.

தண்ணீர்த்தாங்கி

விதை வவுனியாவில் ஒருவரிடம் இருக்கிறது தம்பி, அப்பாவின் கூட்டாளி. தனிமடலில் அனுப்புகிறேன். மருந்து அடிக்கும்போது முகமூடி போடுங்கள், கையுறையும்.

கொழுந்துமலை

எங்களுக்கு யாராவது ஒரு வழி சொல்லுங்கள். தோட்டத்தில் என்ன பசளை போடுவது என்று முடிவெடுப்பது நாங்கள் இல்லை, கம்பனி. வீட்டுக்கு முன்னால் பத்து பேர்ச் (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) மரக்கறித் தோட்டம், அதுதான் எங்கள் நிலம். இனி ஒரு திட்டம் எழுதினால் பறிக்கும் கிலோவைப் பற்றியும் அதில் ஒரு வரி இருக்க வேண்டும், இலை குறையும் காலத்தில் பேரும் குறையாது என்று.

ஆய்வுமேசை

இருக்க வேண்டும் மகள். அந்தக் கணக்கை மேசையில் போட்டபோது நாங்களும் யோசிக்கவில்லை.

செம்மண்காரன்

இன்று பின்னேரம் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் இருந்து வெங்காயம் நறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். சேதனம் என்ற சொல்லையே எடுக்கவில்லை, கிணறு எப்படி ஐயா என்றுதான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அவராகவே குழை தாழ்த்த கதையைச் சொன்னார், அவருடைய ஐயா காலத்தில் பூவரசங்குழையையும் பனையோலையையும் வண்டியில் கொண்டுவந்து, புகையிலைக்குப் பாத்தி வெட்டும்போது முழங்கால் ஆழத்தில் அடுக்கி மண் மூடுவார்களாம், மழை விட்ட பிறகு அந்த மண்ணில் கால் வைத்தால் புதையுமாம். "அதை யாரும் எங்களுக்கு வர்த்தமானியில் போட்டுச் சொல்லித் தரவில்லை" என்றார். 2021 இல் அவருக்கு நட்டம் மூன்றரை இலட்சம். மகளின் நகை அடகில் போனது, மீட்கவில்லை.

எழும்பும்போது, உன் கிணற்றில் எவ்வளவு வந்தது என்று கேட்டார். 71 என்றேன். "என்னுடையதையும் ஒருக்கால் பார்" என்று சொல்லிவிட்டுத் துலாவடியைக் காட்டினார். போத்தல் கொண்டுபோகவில்லை. நாளை விடிய, இறைக்கத் தொடங்க முன்னம் எடுக்க வேண்டும். அவர் ஆறு மணிக்கே மோட்டரைப் போட்டுவிடுவார், ஐந்தரைக்குப் போகிறேன்.